குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை

1983 நவம்பர் 26ஆம் தேதியிட்ட பில்போர்டு பத்திரிகையின் ஆல்பப் பட்டியலைப் பார்த்து, அமெரிக்க இசைக் கம்பெனிகளில் பல பெரிய மனிதர்களுக்குக் காபி புரைக்கேறியிருக்கும். முதலிடத்தில் இரும்பு முகமூடி மாட்டிய ஒரு பைத்தியம் நின்றிருந்தது. கையைச் சேர்த்துக் கட்டும் ஆஸ்பத்திரிச் சட்டை, அதையும் சிவப்புத் தோலில் தைத்துப் போட்டுக்கொண்டு, பின்னால் மெத்தை அடித்த சுவர். ஆல்பத்தின் பெயர் ‘மெட்டல் ஹெல்த்’. குழுவின் பெயர் க்வயட் ரயட், அதாவது சத்தமில்லாத கலவரம். முந்தின வாரம் வரை அந்த நாற்காலியில் இருந்தவர்கள் ‘தி போலீஸ்’. கலவரம் வந்து போலீஸைத் துரத்தியதென்று தலைப்புப் போட இதைவிட நல்ல வாரம் எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் வாய்த்திருக்காது.

போலீஸ் குழு மேதாவிகள் கோஷ்டி. மனோதத்துவ மேதை யுங் சொன்ன கருத்தொன்றை எடுத்து ‘சிங்க்ரானிசிட்டி’ என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்தவர்கள். படித்தவர்கள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள். க்வயட் ரயட்டோ தலையை ஆட்டினால் போதாது, முட்டிக்கொள் என்றது. அமெரிக்கா முட்டிக்கொள்வதைத் தேர்ந்தெடுத்தது.

ஹெவி மெட்டல் என்று வெளிப்படையாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வந்த ஓர் ஆல்பம் அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போனது அதுதான் முதல் தடவை என்பார்கள். அதுவரை மெட்டல் என்பது கருப்பு டீஷர்ட் பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் சமாச்சாரம். அதற்குப் பிறகு ஷாப்பிங் மால் சமாச்சாரம். வாசலைத் திறந்தது ஒரு பாட்டு. அந்தப் பாட்டைப் பாடியவர்களுக்கு அதைப் பாடவே இஷ்டமில்லை என்பதும், அதைக் கெடுப்பதற்குத் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள் என்பதும், செய்தும் முடியவில்லை என்பதும்தான் இந்தப் புராணத்தின் சாரம். புராணம் என்று சொல்லிவிட்டதால் காண்டம் பிரித்தே சொல்லிவிடலாம்.

பால காண்டம்

1970களின் நடுவில், லாஸ் ஏஞ்சலஸ். வடக்கு ஹாலிவுட்டில் மியூஸோனியா என்ற சங்கீதப் பள்ளி. அதை நடத்திய டெலோரஸ் அம்மையாரின் பையன் ராண்டி ரோட்ஸ். ஒல்லிக் குச்சி, சாது, கிதாரைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு ஆள். பகலில் அம்மாவின் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக்கொடுப்பான், ராத்திரியில் கிளப்பில் வாசிப்பான். அவனும் பள்ளித் தோழன் கெல்லி கார்னியும் சேர்ந்து குழு ஆரம்பித்தபோது பாட ஆள் தேவைப்பட்டது. வந்து சேர்ந்தவர் கெவின் டுப்ரோ.

டுப்ரோவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் தொண்டைக்கு மைக் தேவையில்லை, கப்பலுக்கு வழி காட்டலாம். அதே வாயால் பாடாத நேரத்தில் பேசவும் செய்வார் என்பதுதான் சிக்கல். ராண்டியின் விரலும் டுப்ரோவின் வாயும் சேர்ந்ததுதான் ஆதி க்வயட் ரயட். விரல் சம்பாதித்ததை வாய் செலவு பண்ணும்.

சன்செட் ஸ்ட்ரிப் கிளப்புகளில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் அதே கிளப்புகளில் வேன் ஹேலன் என்றொரு கோஷ்டியும் வாசித்துக்கொண்டிருந்தது. 1977இல் வார்னர் கம்பெனி அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்தது நாம்தான் என்று க்வயட் ரயட் வாசலில் நின்றது. யாரும் வரவில்லை. 1979இல் ‘தி நாக்’ என்ற குழுவின் ‘மை ஷரோனா’ பாட்டு நாட்டையே ஆட்டிவைக்க, கம்பெனிக்காரர்கள் ஒல்லி டை கட்டிய பையன்களைத் தேடி ஓடினார்கள். நீள முடிக்காரர்கள் போன தீபாவளிப் பட்டாசாகிப் போனார்கள்.

இவர்களுக்குக் கிடைத்த ஒரே ஒப்பந்தம் ஜப்பானிலிருந்து வந்தது. 1978இல் இரண்டு ஆல்பங்கள், இரண்டும் ஜப்பானில் மட்டும் விற்பனை. சொந்த ஊர் ரசிகன் தன் ஊர்க் குழுவின் ரெக்கார்டை வாங்க வேண்டுமென்றால் பசிபிக்கைத் தாண்ட வேண்டும். இரண்டாவது ஆல்பம் தயாராகும் நேரத்தில் கார்னியின் கதை முடிந்தது. குடித்துவிட்டுத் துப்பாக்கியால் கூரையைச் சுட்டார், டுப்ரோவையும் சுட்டுவிடலாம் என்ற யோசனை அவரிடம் இருந்தது என்பது குழுவின் வாய்வழி வரலாறு. யோசனையோடு நின்றது. ஆனால் டுப்ரோவோடு பழகியவர்களுக்கு எந்த மாதிரி யோசனையெல்லாம் வரும் என்பதற்கு அது முதல் சாட்சி. கார்னி போன இடத்துக்கு க்யூபாவில் பிறந்த ரூடி சார்ஸோ வந்தார். ஆல்பத்தின் அட்டையில் அவர் படம் இருக்கிறது, உள்ளே அவர் வாசித்த ஒரு சுரம்கூடக் கிடையாது. போட்டோவுக்கு மட்டும் சேர்க்கப்பட்ட மாப்பிள்ளைத் தோழன்.

1979இல் வந்தது பெரிய அடி. ‘ப்ளாக் சபாத்’ குழுவிலிருந்து துரத்தப்பட்ட பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், லாஸ் ஏஞ்சலஸில் ஓர் ஓட்டல் அறையைப் பூட்டிக்கொண்டு குடிப்பதை முழு நேர வேலையாகச் செய்துகொண்டிருந்தார். நடுவில் கிதார்காரன் தேடினார். ராண்டி போனான். சுருதி சேர்த்து, கை சூடேற நாலு இழுப்பு இழுத்தான். வேலை உனக்குத்தான் என்று ஆஸி சொல்லிவிட்டார். ராண்டி புறப்பட்டுப் போக, குழு படுத்துவிட்டது.

ஆரண்ய காண்டம்

வனவாசம் போன டுப்ரோ அடுத்த குழுவுக்கு வைத்த பெயர் ‘டுப்ரோ’. அடக்கம் அமரருள் உய்க்கும் என்பதெல்லாம் அவர் ஊரில் பாடத்திட்டத்தில் இல்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பேர் மட்டும் நிலையாக இருந்தது, அது அவருடையது என்பதால்.

வந்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் டிரம்ஸ் வாசித்த ஃப்ராங்கி பனாலி. நியூயார்க்கில் பிறந்த இத்தாலிய வம்சம், கை இறங்கினால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் பேசும். இன்னொருவர் கிதார் கார்லோஸ் கவாஸோ. அவர் தம் பழைய குழுவான ‘ஸ்னோ’விலிருந்து வரும்போது சும்மா வரவில்லை, ஒரு பாட்டின் கிதார் இழையைக் கையோடு கொண்டுவந்தார். அங்கே குடியைப் பற்றிய பாட்டாக இருந்தது. வார்த்தையை மாற்றிச் சாயம் ஏற்றித் தலையை முட்டிக்கொள்ளும் பாட்டாக்கினார்கள். ‘மெட்டல் ஹெல்த்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அப்படிப் பிறந்ததுதான்.

இந்த இடத்தில் மட்டும் கிண்டலை ஓரமாக வைத்துவிடுவோம். 1982 மார்ச் 19. ஃப்ளோரிடாவில் லீஸ்பர்க் என்ற இடத்தில் ஆஸியின் பயண பஸ் நின்றிருந்தது. ராண்டி ஏறிய சின்ன விமானம் அந்த பஸ்ஸுக்கு மேலே தாழப் பறந்து விளையாட்டுக் காட்டியது. மூன்றாம் முறை இறக்கை பஸ்ஸில் உரசியது. விமானத்தில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். ராண்டிக்கு வயது 25. அப்போது ஆஸியின் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ரூடி சார்ஸோ அந்த பஸ்ஸில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

ராண்டி குழுவை விட்டுப் போன ஏக்கத்தில் டுப்ரோ ‘தண்டர்பேர்ட்’ என்று ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். இப்போது அது நண்பனுக்கான அஞ்சலியாகிவிட்டது. அந்தப் பாட்டில் மட்டும் பேஸ் வாசிக்க சார்ஸோவைக் கூப்பிட்டார்கள். வந்தவர் பழைய ஆட்களைப் பார்த்தார், சிரித்தார், ஆஸியிடம் சொல்லிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். இந்த முறை அட்டைக்கு உள்ளேயும் அவர் இருந்தார். ராண்டி குடும்பத்தின் சம்மதத்தோடு ‘க்வயட் ரயட்’ என்ற பழைய பெயரும் திரும்பி வந்தது.

கிட்கிந்தா காண்டம்

இனி குரங்கு வரும் இடம்.

ஹாலிவுட்டில் பாஷா என்ற ஸ்டூடியோவும் அதே பெயரில் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனியும் வைத்திருந்தவர் ஸ்பென்சர் ப்ராஃபர். கார் ஓட்டும்போது ரேடியோவில் ஒரு பழைய பாட்டைக் கேட்டார். ‘ஸ்லேட்’ என்ற ஆங்கிலேயக் குழுவின் ‘கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்’. இதை இப்போது ஒரு மெட்டல் குழு பாடினால் ஊரே கூடப் பாடும் என்று அவர் மண்டைக்குள் மணியடித்தது. பாடுவதற்குத் தொண்டை உள்ள ஒருத்தன் வேண்டும். டுப்ரோ கண்ணில் பட்டார். பேரம் படிந்தது: ஸ்டூடியோ தருகிறேன், உங்கள் பாட்டுகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் இந்தப் பாட்டும் ஆல்பத்தில் இருக்க வேண்டும்.

ஸ்லேட் யாரென்று தெரிந்தால்தான் டுப்ரோவின் வயிற்றெரிச்சல் புரியும். இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பக்கத்து ஆட்கள், வுல்வர்ஹாம்ப்டன் சுற்றுவட்டாரம். பாடகர் நாடி ஹோல்டர் கண்ணாடிச் சில்லுகள் பதித்த உயரத் தொப்பி போட்டு வருவார், விளக்குப் பட்டால் கூட்டத்தின் கண் கூசும். பாட்டுத் தலைப்புகளில் எழுத்துப் பிழையைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஆறு பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்கள். இந்தப் பாட்டு 1973இல் வெளியான வாரமே நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அமெரிக்காவிலோ யாரும் ஏனென்று கேட்கவில்லை. 1970களின் நடுவில் பெட்டி படுக்கையோடு அமெரிக்காவுக்கே குடிபோய் ஊர் ஊராக வாசித்துப் பார்த்தார்கள். வெறுங்கையோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டது அமெரிக்கா.

டுப்ரோவுக்கு ‘ஹம்பிள் பை’ குழுவின் ஸ்டீவ் மேரியட் என்றால் உயிர். ப்ளூஸில் ஊறிய குரல். அப்படிப்பட்டவரிடம் போய்க் கண்ணாடித் தொப்பிக்காரரின் பாட்டைப் பாடு என்றால்? அதுவும் பத்து வருஷப் பழசு. மறுத்தால் ஸ்டூடியோ போய்விடும். ஒத்துக்கொண்டால் மானம் போய்விடும். குழு கூடி யோசித்து மூன்றாவது வழியொன்றைக் கண்டுபிடித்தது. ஒத்துக்கொள்வது, ஆனால் ஒத்திகையே பார்ப்பதில்லை. பதிவு நாளன்று பாட்டு அலங்கோலமாக வரும், ப்ராஃபர் காதைப் பொத்திக்கொண்டு தானாகவே கைவிட்டுவிடுவார்.

திட்டம் ஒழுங்காக நடந்தது. ப்ராஃபர் அவ்வப்போது கேட்பார், அந்தப் பாட்டு எந்த மட்டில் இருக்கிறதென்று. பிரமாதமாக வந்துகொண்டிருக்கிறதென்று இவர்கள் சொல்வார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பையன் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று சொல்லும் அதே முகபாவத்தில். ஒரு நாள் ப்ராஃபர், சரி, இன்றைக்கு அதைப் பதிவு செய்துவிடலாம் என்றார்.

அடுத்து நடந்ததைப் பனாலி பல வருஷம் பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். டுப்ரோ ஒரு மூலையில் உட்கார்ந்து, வரப்போகும் கூத்தைப் பார்க்கக் காத்திருந்தார், உதட்டோரத்தில் சிரிப்பு. பாட்டின் ஆரம்பம் என்னவென்றே முடிவாகவில்லை. ஏதாவது செய்து தொலைக்க வேண்டுமே என்று பனாலி டிரம்ஸில் ஒரு தாளம் போட்டார். கனமான, நின்று நிதானித்து விழும் அடி. கிதாரும் பேஸும் குத்துமதிப்பாகச் சேர்ந்துகொண்டன. அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் டேப் ஓடிக்கொண்டிருந்தது, இவர்களுக்குத் தெரியாது.

இங்கேதான் விதி புகுந்தது. கெட்ட வாசிப்பு வாசிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். பத்து வருஷம் கிளப் கிளப்பாக ஒரே நாளில் இரண்டு கச்சேரி வாசித்துத் தேய்ந்த கைகளுக்கு அந்தத் திறமை கிடையாது. ஒத்திகை இல்லாததால் யாரும் அலங்காரம் பண்ணவில்லை, யாரும் அதிகப்பிரசங்கித்தனமாகச் சங்கதி போடவில்லை. மிஞ்சியது இடி மாதிரி ஒரு தாளமும், அதன்மேல் நேராக நிற்கும் கிதாரும்தான். அந்தப் பாட்டுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். நாலு நிமிஷம் ஆவதற்குள் மூலையில் இருந்த சிரிப்பு அணைந்துவிட்டது. வாசித்து முடித்தபோது ப்ராஃபருக்குத் தலைகால் புரியவில்லை, டுப்ரோவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கோபம் பனாலி மேல். ஒரு பாட்டைக் கெடுக்கச் சொன்னால் அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதா?

கடைசி ஆயுதம் குரல். கர்ணகடூரமாகப் பாடிவிட்டால் முடிந்தது கதை. டுப்ரோ அடித்தொண்டையில் கத்தினார். அந்தப் பாட்டோ பிறந்ததிலிருந்தே கத்துவதற்காகவே எழுதப்பட்ட பாட்டு. அவர் எவ்வளவு வெறுப்போடு கத்தினாரோ அவ்வளவு உற்சாகமாகக் காதில் விழுந்தது. வேண்டா வெறுப்புக்குப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்தானாம் ஒருத்தன். இங்கே அந்தக் காண்டாமிருகம் பிறந்தவுடனே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

சுந்தர காண்டம்

1983 மார்ச்சில் ஆல்பம் வெளியானது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. மெட்டலுக்கு அப்போது ரேடியோவில் கதவு இல்லை, ஜன்னல்தான், அதுவும் நடுராத்திரிக்கு மேல் திறக்கும்.

மே 29ஆம் தேதி கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ‘அஸ் ஃபெஸ்டிவல்’. ஆப்பிள் கம்பெனியை ஆரம்பித்த இரு ஸ்டீவ்களில் நல்லவர் என்று பெயரெடுத்த ஸ்டீவ் வாஸ்னியாக், கம்ப்யூட்டரில் சம்பாதித்த பணத்தை வெயிலில் காயப்போட்டு ஆவியாக்கிய திருவிழா. வேன் ஹேலனுக்கு மட்டும் 15 லட்சம் டாலர் சம்பளம். நிகழ்ச்சியில் ஒரு முழு நாளை ஹெவி மெட்டலுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மோட்லி க்ரூ, ஆஸி, ஜூடாஸ் ப்ரீஸ்ட், ஸ்கார்பியன்ஸ் என்று பெரிய தலைகள். முதலில் மேடையேறி வெயிலை வாங்கிக்கொள்ளும் பாக்கியம் க்வயட் ரயட்டுக்கு. கோடு போட்ட பேன்ட், கோடு போட்ட மைக் கம்பம் என்று வரிக்குதிரை அவதாரத்தில் டுப்ரோ இறங்கினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலை. லட்சக்கணக்கில் நின்ற அந்தக் கூட்டத்தில் பாதிப்பேருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. ஆனால் கூடக் கத்துவதற்கு ஜாதகம் தெரிய வேண்டியதில்லை.

மலைபோன்ற அந்தத் திருவிழாவை நடத்திய வாஸ்னியாக் பல மில்லியன் டாலர் இழந்தார். அன்று பொருளாதார ரீதியாக மெட்டலால் நஷ்டப்பட்ட கடைசி ஆள் அவர்தான் என்று சொல்லலாம்.

அடுத்து வந்தது டி.வி. 1981 ஆகஸ்டில் தொடங்கிய எம்டிவி, இருபத்துநாலு மணி நேரமும் பாட்டுப் படம் காட்டியாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. காட்டுவதற்குப் படம் போதவில்லை. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் போடுவார்கள். க்வயட் ரயட்டின் படத்தில் ஒரு பையனின் படுக்கையறை குலுங்குகிறது, சாமான்கள் ஆடுகின்றன, சத்தம் சுவரைப் பிளந்துகொண்டு வருகிறது. சிந்தனைக்கு வேலையில்லை. பார்த்துக்கொண்டிருந்த பையன்களின் படுக்கையறையும் குலுங்கியது. அம்மாக்கள் கதவைத் தட்டினார்கள். அம்மா கதவைத் தட்டினால் ஆல்பம் விற்கும் என்பது ராக் இசையின் முதல் விதி.

ரேடியோக்காரர்களும் இறங்கி வந்தார்கள். பாட்டு நவம்பரில் பில்போர்டு பாடல் பட்டியலில் 5ஆம் இடத்தைத் தொட்டது. பாட்டைத் தேடிக் கடைக்குப் போனவன் ஆல்பத்தை வாங்கினான். ஆல்பத்தில் முதல் பாட்டு தலைப்புப் பாட்டு. மெட்டல் என்றால் என்னவென்று அதுவரை கேள்விப்படாதவன் வீட்டுக்குள் அது நுழைந்துவிட்டது.

பட்டாபிஷேகம்

எட்டு மாசம் படிப்படியாக ஏறி, நவம்பர் 26 அன்று ஆல்பம் உச்சியைத் தொட்டது. ஒரு வாரம். அடுத்த வாரம் லயனல் ரிச்சி வந்து, மென்மையான குரலில், எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ராஜா ராஜாதான். அதே ஆண்டில் டெஃப் லெப்பர்ட் குழுவின் ‘பைரோமேனியா’ இன்னும் அதிகமாக விற்றும் இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் முதலிடத்தில் மைக்கேல் ஜாக்சன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். க்வயட் ரயட்டுக்கு வாய்த்தது சரியான வாரம்.

முதல் மெட்டல் ஆல்பம் இதுதானா என்று கேட்டுவிட்டால் போதும், வடகலை தென்கலைச் சண்டை ஆரம்பித்துவிடும். லெட் செப்பலின் 1969லேயே முதலிடத்தில் இருந்ததே என்பான் ஒருத்தன். அவர்கள் தங்களை மெட்டல் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை என்பான் இன்னொருத்தன். ஏசி/டிசி 1981இல் முதலிடம் போனதே என்பான் மூன்றாமவன். அவர்கள் தாங்கள் வாசிப்பது வெறும் ராக் அண்ட் ரோல் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள். பெயர்ப்பலகையில் ‘மெட்டல்’ என்றே எழுதிக்கொண்டு, இல்லையென்று மறுக்காமல், உச்சிக்குப் போனவர்கள் இவர்கள்தான். பட்டம் கொடுத்தது வெட்கமின்மைக்கு.

அடுத்த சில மாதங்களில் கம்பெனிக்காரர்கள் சன்செட் ஸ்ட்ரிப்பில் வலை வீசினார்கள். நீள முடி இருக்கிறதா, வா. முடிக்கு ஸ்ப்ரே அடிப்பாயா, முன்பணம் வாங்கிக்கொள். ராட், டாக்கன், வாஸ்ப், கிரேட் ஒயிட் என்று பெரிய கம்பெனிகளின் ஆல்பங்கள் வரிசை கட்டின. 1979இல் ஒல்லி டை வாங்கிய அதே ஆபீசர்கள் 1984இல் தோல் பேன்ட்டைத் தடவிப் பார்த்து விலை பேசினார்கள்.

அசல் மெட்டல் பக்தர்கள் இதையெல்லாம் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். இதே லாஸ் ஏஞ்சலஸின் பூச்சும் பவுடரும் பிடிக்காமல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபோன ‘மெட்டாலிகா’ என்ற பையன்கள் 1983 ஜூலையில் தங்கள் முதல் ஆல்பத்தை ஒரு குட்டிக் கம்பெனியில் போட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் முதலிடத்துக்கு வர இன்னும் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1991இல் வந்தபோது, பாட்டை மெதுவாக்கி, சுருக்கி, கூடப் பாடும்படியாகத்தான் வந்தார்கள். பனாலி யோசிக்காமல் போட்ட தாளத்தின் பாடத்தை அவர்கள் யோசித்துப் படித்தார்கள்.

யுத்த காண்டம்

மூல ராமாயணத்தில் யுத்தம் முடிந்துதான் பட்டாபிஷேகம். இந்தக் கோஷ்டியில் எல்லாம் தலைகீழ்.

லட்சக்கணக்கில் ஆல்பம் விற்றதும் டுப்ரோவிடம் எல்லாரும் மைக்கை நீட்டினார்கள். நீட்டியிருக்கக் கூடாது. இத்தனை மெட்டல் குழுக்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டது நாங்கள்தான், எல்லாரும் எங்களுக்குக் கடன்பட்டவர்கள் என்ற ரீதியில் பேட்டி மேல் பேட்டி. சக குழுக்களைப் பெயர் சொல்லி வாரினார். அவர் சொன்னதில் பாதி உண்மையும்கூட. ஆனால் வாசலைத் திறந்தவனே வாசலில் நின்று உள்ளே போகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். நுணல் தன் வாயால் கெட்டது. பத்திரிகைகள் திரும்பின, ரேடியோக்கள் திரும்பின.

1984இல் அடுத்த ஆல்பம். ஒரு முறை குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் கிடைத்ததல்லவா, இந்த முறை நேரடியாகப் பிள்ளையாரே பிடிப்போம் என்று முடிவு செய்தார்கள். மறுபடி ஸ்லேட் பாட்டு. ‘மாமா வியர் ஆல் க்ரேஸி நவ்’. இந்தத் தடவை ஒத்திகை பார்த்து, திட்டம் போட்டு, மனசார வாசித்தார்கள். ஆகவே ஓடவில்லை. ஆல்பம் 15ஆம் இடத்தோடு மூச்சு வாங்கி நின்றது. ஆல்பத்துக்கு அவர்களே வைத்த பெயர் ‘கண்டிஷன் கிரிட்டிகல்’. ஆஸ்பத்திரி அறிக்கையைத் தங்கள் கையாலேயே எழுதி வாசலில் ஒட்டிக்கொண்டார்கள்.

1985 தொடக்கத்தில் சார்ஸோ பெட்டியைக் கட்டினார். 1987இல் மிச்சமிருந்தவர்களுக்கும் பொறுமை தீர்ந்தது. பயணத்தின் கடைசிக் கச்சேரி ஹவாயில். கச்சேரி முடிந்து டுப்ரோ ஓட்டலில் இருக்க, மற்றவர்கள் சத்தம் போடாமல் முந்தின விமானத்தைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டுப்ரோ நீக்கப்பட்டார். அவர் பாடிய குழுவில், அவர் பெயர் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும் குழுவில், அவருக்கு இடமில்லை. மெட்டாலிகா 1983இல் தன் கிதார்காரர் டேவ் மஸ்டெய்னை நீக்கியபோது பஸ்ஸில் டிக்கெட் போட்டாவது ஏற்றிவிட்டது. மெட்டல் உலகத்தில் அதற்குப் பெயர் மரியாதை.

டுப்ரோ இல்லாத க்வயட் ரயட் 1989இல் தானாகவே அடங்கியது. சில வருஷத்தில் அவரே திரும்பி வந்தார். பனாலியும் வந்தார். வயதும் வாடகையும் மனிதர்களை ஒன்றுசேர்க்கும். இருவரும் நெருங்கிய நண்பர்களாகவே ஆகிவிட்டார்கள், 2007 நவம்பரில் லாஸ் வேகஸ் வீட்டில் டுப்ரோ இறந்துகிடந்தது தெரியவந்த வரைக்கும். போதைமருந்து. வயது 52. நண்பனின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்று பனாலி குழுவைக் கிட்டத்தட்டப் பத்து வருஷம் இழுத்துச் சுமந்தார். 2020 ஆகஸ்டில் கணையப் புற்றுநோய் அவரையும் கொண்டுபோனது. பஸ்ஸில் தூங்கி உயிர்பிழைத்த சார்ஸோ 2021இல் திரும்பி வந்து பேஸை எடுத்துக்கொண்டார். ராண்டி ரோட்ஸுக்கு அதே ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. 1978இல் அமெரிக்காவில் ஓர் ஆல்பம் போட ஆள் கிடைக்காத பையன் அவன்.

கணக்கு வழக்கு மட்டும் பாக்கி. அமெரிக்கச் சட்டப்படி சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலிபரப்பானால் பணம் எழுதியவனுக்குப் போகும், பாடியவனுக்குச் சல்லிக்காசு வராது. ஆக, டுப்ரோ தொண்டை கிழியக் கத்திய ஒவ்வொரு தடவையும் கடல் கடந்து காசு போனது நாடி ஹோல்டருக்கும், அவரோடு சேர்ந்து எழுதிய ஜிம் லீக்கும். அமெரிக்கா போய் அலைந்தபோது கிடைக்காததெல்லாம் அவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. அந்தப் பாட்டின் புண்ணியத்தில் ஸ்லேட்டுக்கும் புது அமெரிக்க ஒப்பந்தம் வந்தது. 1984இல் ‘ரன் ரன்அவே’ என்ற அவர்கள் பாட்டு முதல் இருபதுக்குள் நுழைந்தது. டுப்ரோ யாருக்கும் வாசல் திறந்துவிட்டாரோ இல்லையோ, கண்ணாடித் தொப்பிக்காரருக்குத் திறந்துவிட்டார், அதுவும் உதைத்து.

டுப்ரோ வெறுத்த பாட்டைச் சாகும்வரை மேடைக்கு மேடை பாட வேண்டியிருந்தது. கூட்டம் வந்ததே அதற்காகத்தான். அவர் நேசித்து எழுதிய பாட்டுகளுக்குக் கூட்டம் பீர் வாங்கப் போனது. கலைஞனின் ரசனை எது, ஊரின் ரசனை எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் எந்தப் பாட்டுக்குப் பீர்க் கடையில் வரிசை நீள்கிறதென்று பார்த்தால் போதும். மெட்டலைத் தூய்மையாகக் கட்டிக்காத்தவர்கள் அதை ஊருக்குள் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர்கள், ஒரு பாட்டை ஒழுங்காகக் கெடுக்கக்கூடத் தெரியாத நாலு பேர்.